கூர் மழுங்கா உளி, குறை வராத கை

பல இல்லங்களில் பழைய பெட்டியொன்றில் ஓர் உளியும் ஓர் இழைப்புளியும் கிடக்கும். கூரான கருவி கையைக் கிழித்துவிடும் என அஞ்சி, அவற்றை மழுங்கிய நிலையிலேயே நாம் விட்டுவைக்கிறோம். ஆயினும், மழுங்கிய உளியே கூடுதல் ஆபத்துடையது. கூரான உளி சிறு அழுத்தத்திலேயே மரத்தைச் சீவும். நாம் நிறுத்தும் இடத்தில் நிற்கும். மழுங்கியதையோ முழு வலிமையுடன் தள்ள வேண்டியிருக்கும். அது மரத்தில் பற்றாமல் வழுக்கும்போது, மரத்தைப் பிடித்திருக்கும் மறு கை காயமுறுகிறது.

இரண்டு சமதள முகங்கள் சந்திக்கும் கோடே கூர் எனப்படுவது. பலரும் சரிவான முகத்தை மட்டும் தீட்டி, தட்டையான பின்முகத்தை மறந்துவிடுகிறோம். புதிய உளியின் பின்முகத்தில் இயந்திரம் விட்டுச்சென்ற வரிகள் இருக்கும். முனையை ஒட்டிய இரண்டு, மூன்று சென்டிமீட்டர் பகுதியைக் கல்லில் படியவைத்துத் தேய்த்து ஒருமுறை சமன் செய்தால், அப்பணி பெரும்பாலும் அத்துடன் முடிந்துவிடும்.

இரும்புக் கடைகளில் ஒருபுறம் சொரசொரப்பும் மறுபுறம் மென்மையும் கொண்ட கார்போரண்டம் கல் கிடைக்கிறது. 1891-இல் எட்வர்ட் அச்செசன் என்ற அமெரிக்கர் கண்டறிந்த சிலிக்கன் கார்பைடே இதன் மூலப்பொருள். எண்ணெய் அல்லது நீர், இரண்டில் ஒன்றை மட்டுமே ஒரு கல்லுக்குத் தொடர்ந்து பயன்படுத்த வேண்டும். நாளடைவில் கல்லின் நடுப்பகுதி குழிந்துவிடும். தடித்த கண்ணாடியின் மேல் உப்புத்தாளை விரித்து, அதில் கல்லைத் தேய்த்துச் சமப்படுத்தலாம்.

பொதுப் பயன்பாட்டிற்கான உளிக்கு 30 பாகைக் கோணம் ஏற்றது. மென்மையாகச் சீவுவதற்கு 25 பாகை போதும். ஆனால் கொட்டாப்புளியால் அடித்து வேலை செய்தால் அக்கூர் விரைவில் சிதையும். கோணமானி இல்லையே எனக் கவலை வேண்டாம். சரிவின் நீளம் தகட்டின் தடிப்பைப்போல் இரு மடங்காக இருந்தால், கோணம் 30 பாகை.

சரிவைக் கல்லில் படியவைத்து, கோணம் மாறாமல் சீராகத் தேய்க்க வேண்டும். பின்முகத்தில் முனையை நோக்கி விரலை மெல்ல நகர்த்தினால் நுண்ணிய பிசிறு தட்டுப்படும். முனை நெடுகிலும் பிசிறு தோன்றினால்தான், கல் முனைவரை எட்டியது என்று பொருள். பிறகு மென்மையான பக்கத்தில் சரிவைத் தேய்த்து, பின்முகத்தைத் தட்டையாக வைத்துப் பிசிறை நீக்கி, தோல் வாரில் சில முறை பின்னோக்கி இழுத்தால் போதும். கூரை விரலால் சோதிக்கக் கூடாது. மென்மரத் துண்டின் குறுக்குவெட்டு முகத்தைச் சீவிப் பார்ப்போம். நார்கள் நசுங்காமல் வழவழப்பாக வெட்டுப்பட்டால் பணி நிறைவு.

மின்சாணைச் சக்கரத்தில் தீட்டுவோர் கண்ணுக்குக் கவசம் அணிந்து, கருவியை அடிக்கடி நீரில் தோய்க்க வேண்டும். முனை நீலநிறம் அடைந்தால் எஃகின் பதம் கெட்டுவிட்டது எனக் கொள்ளலாம். அப்பகுதியில் கூர் நிலைக்காது.

17.9.2023 அன்று தொடங்கப்பட்ட பிரதமரின் விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களுள் தச்சும் ஒன்று. தகுதியுள்ள கைவினைஞருக்குக் கருவிகள் வாங்க ரூ.15,000 வரை ஊக்கத்தொகையும், இரு தவணைகளாக மொத்தம் ரூ.3 லட்சம் வரை 5 சதவீத வட்டியில் பிணையில்லாக் கடனும் இத்திட்டத்தில் உண்டு. அவ்வாறு பெறும் கருவி அவருடைய மூலதனம். அது மழுங்கினால் வேலை தாமதமாகும், மரம் வீணாகும். கையில் காயம் பட்டால் அன்றைய கூலியே போய்விடும்.

வேலை முடிந்ததும் சில நிமிடங்கள் தீட்டி, மெல்லிய எண்ணெய் பூசி, முனைக்கு உறையிட்டு, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைப்போம். இப்படிப் பேணும் உளி அடுத்த தலைமுறையின் கைக்கும் உதவும்.