வீட்டுக்காரரையே அடிக்கும் 'காவல் படை'! அடக்கிக் காட்டியது நானோ துகள்!

வீட்டைக் காக்க வந்த போலீஸ்காரரே, வீட்டுக்காரரைத் திருடன் என்று நினைத்துப் போட்டு அடித்தால் எப்படி இருக்கும்?

'மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ்' என்ற நரம்பு நோயில் நடப்பது இதுதான்!

மூளையிலும் முதுகுத்தண்டிலும் உள்ள நரம்புகளுக்கு, மின்சார ஒயருக்கு இருப்பதுபோல ஓர் உறை உண்டு. அதன் பெயர் 'மயலின்'. கிருமிகளைப் பிடிக்க வேண்டிய வெள்ளை அணுக்கள் இந்த உறையையே கடித்துக் குதறுகின்றன.

உறை போனால் மூளையின் உத்தரவு சரியாகப் போய்ச் சேராது. கண் மங்கும். கை, கால் மரத்துப் போகும். நடை தள்ளாடும்.

பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில்தான் இது தாக்குகிறது. சம்பாதிக்கிற வயசு, பிள்ளை வளர்க்கிற வயசு! ஆண்களைவிடப் பெண்களையே அதிகம் பிடிக்கிறது.

ஸ்டேஷனுக்கே பூட்டு

இதற்கு மருந்துகள் இருக்கின்றன. ஆனால் அவற்றில் பல, உடம்பின் எதிர்ப்பு சக்தியையே மட்டுப்படுத்துபவை. ஒரு போலீஸ்காரர் செய்த தப்புக்கு ஸ்டேஷனையே பூட்டிய கதைதான். நிஜத் திருடனான கிருமிக்குக் கொண்டாட்டம்!

தப்பு செய்கிற ஆளை மட்டும் தனியாக அடக்க முடியாதா?

சிகாகோவில் நடந்த சோதனை

முடியும் என்று எலிகளிடம் செய்து காட்டினார் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் ஸ்டீபன் மில்லர். அவரது குழுவின் ஆய்வு 2012-ல் வெளியானது.

அவர்கள் செய்தது இதுதான். தானாகக் கரையும் தையல் நூலுக்குப் பயன்படும் பொருளில், 500 நானோமீட்டர் அளவுக்குத் துகள்கள் செய்தார்கள். தலைமுடியின் குறுக்களவில் இதுமாதிரி சுமார் 200 துகள்களை வரிசையாக அடுக்கலாம்! அந்தத் துகளில் மயலினின் சிறு துணுக்கை ஒட்டி ரத்தத்தில் செலுத்தினார்கள்.

செத்த அணுக்களைத் தின்று சுத்தம் செய்யும் அணுக்கள் மண்ணீரலில் உண்டு. அவை இந்தத் துகளையும் 'வழக்கமான குப்பைதான்' என்று விழுங்கின. சந்தடி இல்லாமல் மயலின் துணுக்கை மற்ற அணுக்களுக்குக் காட்டின. "அட, இது நம்ம வீட்டு ஆளுப்பா!" என்று அடங்கின, அடிக்க வந்த அணுக்கள். மற்ற காவலுக்குக் குறைவில்லை!

எலிகளுக்கு 100 நாள் வரை நோய் திரும்பவில்லை.

2021-ல் ஜெர்மனியின் பயோன்டெக் கம்பெனி, கொரோனா தடுப்பூசியில் கைகொடுத்த எம்.ஆர்.என்.ஏ.வை நுண்ணிய கொழுப்புத் துகளில் வைத்துச் செலுத்தியது. அதிலும் எலிகளின் நோய் அடங்கியது.

எலி வேறு, மனிதன் வேறு

ஆனால் உஷார்! எலியைக் காப்பாற்றியது மனிதனையும் காப்பாற்றும் என்று சொல்ல முடியாது. 'லெனர்செப்ட்' என்ற மருந்தின் மேல் முன்பு இப்படித்தான் நம்பிக்கை வைத்தார்கள். நோயாளிகளுக்குக் கொடுத்தபோது நோய்த் தாக்குதல் கூடியது! அந்த முடிவு வெளியானது 1999-ல்.

இந்த நோயை அடியோடு ஒழிக்கும் மருந்து இன்னும் வரவில்லை. ஆகவே, "நானோ மருந்து, ஒரே ஊசியில் குணம்" என்று யாராவது பணம் கேட்டால் ஏமாற வேண்டாம். டாக்டர் கொடுத்த மருந்தையும் நிறுத்த வேண்டாம்!