குட்டி யானை மக்கர் செய்கிறதா?

சந்தையில் இருந்து காய்கறி வரவேண்டுமா? கூப்பிடு குட்டி யானையை!

வீடு மாறவேண்டுமா? அதற்கும் குட்டி யானைதான்!

“டாட்டா ஏஸ்” என்ற இந்தச் சிறிய சரக்கு வண்டி 2005-ம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. “குட்டி யானை” என்பது தமிழ்நாட்டு மக்கள் அதற்கு வைத்த செல்லப் பெயர். முதலில் வந்த வண்டிகளில் இருப்பது, இரண்டே சிலிண்டர் கொண்ட 702 சி.சி. டீசல் என்ஜின். சுமார் முக்கால் டன் சுமை ஏற்றலாம்.

பத்து, பதினைந்து ஆண்டு ஓடிய வண்டிகள் இன்றும் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. அந்த வண்டி படுத்துவிட்டால், வீட்டு அடுப்பில் பூனை தூங்கும்!

ஆனால், பழைய வண்டி பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் படுக்கும். அது சொல்வதைக் கேட்டால் பணமும் மிச்சம்; உயிரும் மிச்சம்.

சூடு

என்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீர், சூட்டை வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்குப் போய் ஆறுகிறது. ரேடியேட்டர் அடைத்துக்கொண்டாலும், ரப்பர் குழாய் வெடித்தாலும் சூடு ஏறிவிடும்.

சூடு காட்டும் முள் மேலே போனால், உடனே வண்டியை ஓரம் கட்டுங்கள். “இன்னும் இரண்டு கிலோ மீட்டர்தானே” என்று ஓட்டினால், “கேஸ்கட்” போய்விடும். குழாய் மாற்றினால் தீரும் வேலை, என்ஜினையே பிரிக்கும் வேலையாகிவிடும்!

சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். கொதிக்கும் தண்ணீர் முகத்தில் பீய்ச்சி அடிக்கும். நன்றாக ஆறிய பிறகே தொடவேண்டும்.

புகை

கறுப்புப் புகை வருகிறதா? டீசல் எரியப் போதுமான காற்று கிடைக்கவில்லை. முதலில் “ஏர் பில்டரை” பாருங்கள். தூசி அடைத்திருக்கலாம்.

நீலப் புகையா? என்ஜின் ஆயில் எரிகிறது. உள்ளே தேய்மானம் இருக்கிறது.

குளிர்ந்த காலையில் வெள்ளைப் புகை கொஞ்சம் வந்து நின்றுவிட்டால் பயம் இல்லை. நிற்காமல் வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே போனால், தண்ணீர் என்ஜினுக்குள் கசிகிறது.

கிளட்ச்

மேட்டில் என்ஜின் உறுமுகிறது. வண்டியோ வேகம் எடுக்கவில்லை. கிளட்ச் தட்டு தேய்ந்துவிட்டது என்று பொருள். கிளட்ச் மிதியில் கால் வைத்தபடியே ஓட்டினால் அது சீக்கிரம் தேயும்.

பாரம்

வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறதா? அடியில் அடுக்காக இருக்கும் இரும்புப் பட்டைகளைப் பாருங்கள். ஒன்று உடைந்திருக்கக்கூடும்.

முக்கால் டன் வண்டியில் ஒன்றரை டன் ஏற்றினால் பட்டை மட்டுமா போகும்? டயர், கிளட்ச், பிரேக் எல்லாமே போகும்!

பிரேக்

மற்றக் கோளாறுகள் பணத்தைத் தின்னும். பிரேக் கோளாறு ஆளையே தின்றுவிடும்!

மிதித்தால் பஞ்சு போல அமுங்குகிறதா? பிரேக் குழாய்க்குள் காற்று புகுந்திருக்கலாம். நாலு தடவை மிதித்தால்தான் பிடிக்கிறதா? ஆயில் ஒழுகலாம். அப்படிப்பட்ட வண்டியைப் பட்டறை வரை கூட ஓட்டக்கூடாது. மெக்கானிக்கை வண்டி நிற்கும் இடத்துக்கு அழைத்து வாருங்கள்.

பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். மலைப் பாதையில் பிரேக் சூடேறும்போது, அந்த ஈரம் கொதித்து ஆவியாகிவிடும். மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது! எனவே, இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை அந்த ஆயிலை மாற்றிவிடுங்கள். மலை இறங்கும்போது சிறிய கியரில் இறங்குங்கள். டீசலை மிச்சம் பிடிக்க “நியூட்ரலில்” இறங்காதீர்கள்.

ஐந்தே நிமிடம்

தினமும் காலையில் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். தண்ணீர், என்ஜின் ஆயில், பிரேக் ஆயில், டயர் ஆகிய நான்கையும் பாருங்கள். குனிந்து, வண்டிக்கு அடியில் ஒழுக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பிரேக்கில் சந்தேகம் வந்தால், அன்றைக்கு லோடு ஏற்றவேண்டாம். ஒரு நாள் வாடகையை மறுநாள் சம்பாதித்துக்கொள்ளலாம்.