பதினான்கு பெயர்கள்

நம் பெயருக்கு முன்னால் நிற்கும் இன்ஷியல் அப்பாவுடையது. அப்பாவின் இன்ஷியல் தாத்தாவுடையது. தலைமுறைக்குத் தலைமுறை எழுத்து மாறிக்கொண்டே போகிறது. பல நாடுகளில் பாட்டனாரின் குடும்பப் பெயர் கொள்ளுப்பேரன் வரை அப்படியே இறங்கி வரும். நம்மைப்போல் அப்பாவோடு நிறுத்திக்கொள்பவர்களும் உண்டு. ஐஸ்லாந்தில் யோன் என்பவரின் மகன் யோன்சன், மகள் யோன்ஸ்டோட்டிர். அங்கே தொலைபேசிப் புத்தகத்தையே சொந்தப் பெயரின் வரிசையில்தான் அச்சிட்டார்கள்.

இந்த முறைக்கு ஒரு விலை இருக்கிறது. பெற்றோர் 2 பேர், தாத்தா பாட்டிமார் 4 பேர், கொள்ளுத்தாத்தா கொள்ளுப்பாட்டிமார் 8 பேர். ஆக, மூன்று தலைமுறைக்குள் 14 பேர் நமக்குப் பின்னால் நிற்கிறார்கள். இன்ஷியல் சொல்வது அதில் ஒருவரை மட்டும். மற்ற 13 பெயர்களையும் யாராவது நினைவில் வைத்திருந்தால்தான் உண்டு. ஒரு நோட்டு எடுத்து அந்த 14 கட்டங்களை நிரப்பிப் பாருங்கள். அத்தை மகன், மாமன் மகள் என்று நேர் உறவில் கட்டிய பெற்றோர் என்றால் முதல் ஆச்சரியம் அங்கேயே வரும். கொள்ளுத்தாத்தா வரிசையில் 8 பேருக்குப் பதில் 6 பேர்தான் தேறுவார்கள். ஒரே தம்பதி அப்பா வழியிலும் அம்மா வழியிலும் வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

கட்டங்கள் நிரம்ப நிரம்ப, பெயர்கள் பேசத் தொடங்கும்.

குப்பன், குப்பாயி, பிச்சை, மூக்கன் என்று ஒரு பெயர் வந்தால், அதற்கு முன் பிறந்து தங்காமல் போன பிள்ளைகள் உண்டா என்று விசாரியுங்கள். அப்படிப்பட்ட வீடுகளில் பிறந்த குழந்தையைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுப்பார்கள். வேறொரு பெண்ணிடம் கொடுத்துவிட்டு, முறத்தில் தவிடு கொடுத்துத் திரும்ப வாங்குவார்கள். ஆண் பிள்ளைக்கும் மூக்குக் குத்துவார்கள். யாருக்கும் வேண்டாத பொருளை எமன் எதற்கு எடுக்கப் போகிறான் என்பது கணக்கு. 1951 வாக்கில்கூட இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் சுமார் 146 குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. அந்தப் புள்ளிவிவரம் நம் வீட்டில் ஒரு ஆள் பெயராக நடமாடியிருக்கிறது. அச்சம் நீங்கியதும் பெயரும் வழக்கொழிந்தது. போதும்பொண்ணு, வேண்டாம் என்ற பெயர்களின் கதை வேறு. அவை சாவுக்குப் பயந்து வைத்தவை அல்ல. அடுத்தது ஆணாகப் பிறக்கட்டும் என்று, பிறந்த பெண்ணின் தலையில் வைத்தவை.

சில பெயர்கள் ஊரைச் சொல்லும். இசக்கியம்மாள், சுடலைமுத்து என்றால் தெற்கே திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கம் தேடலாம். காந்திமதி நெல்லையப்பர் கோயில் அம்மன். தையல்நாயகி வைத்தீஸ்வரன்கோயில் அம்மன். ஆரோக்கியசாமி என்றால் வேளாங்கண்ணி வேண்டுதலா என்று கேட்கலாம். நான்கு தலைமுறையாகச் சென்னையில் இருக்கும் குடும்பத்துக்குக்கூடக் குலதெய்வக் கோயில் எந்தத் திசையில் என்று ஒரு கொள்ளுப்பாட்டியின் பெயர் கை காட்டிவிடும்.

சில பெயர்கள் காலத்தைச் சொல்லும். வேதாசலம் மறைமலையடிகள் ஆனார். நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். ராமையா அன்பழகன் ஆனார். அந்தத் தனித்தமிழ் அலையில்தான் வீடுகளிலும் அறிவழகன்களும் தமிழ்ச்செல்விகளும் பிறந்தார்கள். கருணாநிதி தம் மகனுக்கு ஸ்டாலின் என்று பெயர் வைத்தது 1953 மார்ச்சில், சோவியத் தலைவர் இறந்த அதே வாரத்தில்.

ஆவணத்தில் உள்ள பெயரையும் வீட்டில் கூப்பிட்ட பெயரையும் பக்கத்துப் பக்கத்தில் எழுத வேண்டும். பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பது வழக்கம். ஆனால் மாமனார் பெயரை மருமகள் சொல்லக் கூடாது. கணவன் பெயரைப் பாட்டியும் சொல்ல மாட்டாள். ஆகவே பெயர் சூட்டிய அன்றே பிள்ளைக்கு இன்னொரு பெயரும் தேவைப்பட்டது. பள்ளிச் சான்றிதழில் ராமசாமி, வீட்டில் துரை. இது தெரியாமல் பழைய பத்திரங்களைப் புரட்டினால் ஒருவரை இருவராக எண்ணிவிடுவோம்.

கடல் கடந்த தமிழர்களுக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளை ஏற்றிய ‘ட்ரூரோ’ கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் நின்றது. அதிலிருந்து 1911 வரை வந்திறங்கிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, கிராமம் என்று பதிவேட்டில் எழுதிவைத்தார்கள். அந்த நாட்டுச் சட்டத்துக்குக் குடும்பப் பெயர் வேண்டும். முதலில் வந்தவரின் பெயரோ சாதிப் பட்டமோ அப்படியே உறைந்தது. கவுண்டர் ‘கவெண்டர்’ ஆனார். முதலி ‘மூட்லி’ ஆனார். இங்கே 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொன்னது. பெயருக்குப் பின்னால் இருந்த வால் ஊரில் உதிர்ந்துகொண்டிருக்க, தென்னாப்பிரிக்காவில் அதுவே நிரந்தர முகவரி ஆயிற்று.

தலைமுறைகளை வரிசையாக எழுதிவைக்கும் பழக்கம் நமக்குப் புதிதில்லை. கரூருக்கு அருகே புகளூர் ஆறுநாட்டார் மலையில் தமிழி என்ற பழைய தமிழ் எழுத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. ஏறக்குறைய 1,800 ஆண்டுப் பழமை. ஒரு சமண முனிவருக்குக் கற்படுக்கை வெட்டிக் கொடுத்த செய்தியைச் சொல்லும்போது கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோ, அவன் மகன் இளங்கடுங்கோ என்று சேர மன்னர்களின் மூன்று தலைமுறையை அது அடுக்குகிறது. ‘இன்னார் மகன் இன்னார்’ என்று இன்றைய கிரயப் பத்திரம் எழுதுவதும் அதே பாணிதான். இரண்டிலும் தாயார் பெயருக்கு இடமில்லை.

நோட்டில் முதலில் காலியாக நிற்கப்போகும் கட்டங்களும் தாய்மாருடையவைதான். பெண்ணுக்குக் கல்யாணம் வரை அப்பா இன்ஷியல், அதற்குப் பின் பெரும்பாலும் கணவர் இன்ஷியல். அவள் பெயர் பிள்ளைகளின் இன்ஷியலில் வருவது அபூர்வம். பத்திரங்களைத் தேடினால் தாத்தாக்களை எப்போது வேண்டுமானாலும் கண்டுபிடித்துவிடலாம். பாட்டியின் அம்மா பெயர் என்ன, அந்தப் பெயரை யார் நினைத்து வைத்தார்கள் என்பதற்குப் பெரும்பாலும் பாட்டி ஒருத்திதான் சாட்சி. ஆகவே நோட்டை அங்கிருந்து தொடங்குங்கள், பத்திரங்கள் காத்திருக்கும்.