ஓகினாவாவின் மேல் ஏற்றிய பாரம்

ஜப்பானின் நிலப்பரப்பில் 0.6 சதவீதமே உள்ள ஓகினாவா மாகாணத்தில்தான், அந்நாட்டில் அமெரிக்கப் படைகளின் தனி உபயோகத்துக்கென ஒதுக்கப்பட்ட நிலத்தில் ஏறக்குறைய 70 சதவீதம் அடங்கியிருக்கிறது. 1972-இல் அமெரிக்க நிர்வாகம் நீங்கி மாகாணம் ஜப்பானோடு மீண்டும் சேர்ந்ததே தவிர, தளங்கள் அகலவில்லை.

இந்த மனத்தாங்கலின் வேர் 1945-ஆம் ஆண்டு யுத்தத்தில் இருக்கிறது. தீவின் ஜனங்களில் நாலில் ஒரு பங்கினர் அதில் மாண்டனர்; குகைகளில் ஒளிந்திருந்த குடும்பங்களைத் தம் தேசத்துச் சிப்பாய்களே வெளியே விரட்டியதும், ஒற்றர் என்று சந்தேகித்துக் கொன்றதும், பகைவர் கையில் சிக்குவதைவிடச் சாவதே மேல் என்று போதித்துத் தற்கொலைக்குத் தூண்டியதும் உண்டு. சைன்யம் குடிகளைக் காக்காது என்பது அத்தீவார் அநுபவத்தில் கண்டது. தென்பகுதி மண்ணில் இன்றும் மாண்டவர்களின் எலும்புகள் அகப்படுகின்றன. தீவின் ஹெனோகோ கடலோரத்தில் புதிய அமெரிக்க விமான தளத்துக்காகக் கடலைத் தூர்க்க அந்த மண்ணையும் அள்ளலாம் என்று சர்க்கார் திட்டமிட்டபோது ஜனங்கள் கொதித்தெழுந்ததில் என்ன வியப்பு?

கினோவான் நகரின் நடுவே வீடுகளும் பள்ளிகளும் சூழக் கிடக்கும் ஃபுதென்மா என்ற அமெரிக்க விமான தளத்தின் ஹெலிகாப்டர் ஒன்று, 2004-இல் பக்கத்துச் சர்வகலாசாலைக் கட்டடத்தில் மோதி விழுந்தது. அத்தளத்தைத் திருப்பித் தருவதாக 1996-இலேயே இரு தேசங்களும் உடன்பட்டிருந்தும், மாற்றுத் தளம் ஓகினாவாவுக்குள்ளேயே அமைய வேண்டும் என்ற நிபந்தனை காரியத்தைக் கெடுத்தது; அந்த மாற்றுத் தளத்துக்குக் குறித்த இடமே ஹெனோகோ. 2019-இல் மாகாணத்தில் நடந்த வாக்கெடுப்பில் வாக்களித்தோரில் 72 சதவீதத்தினர் ஹெனோகோ வேலை வேண்டாமென்றனர். மாகாண ஆளுநர் அநுமதி மறுக்கவே, 2023 டிசம்பரில் மத்திய சர்க்கார் அவருக்குப் பதிலாகத் தானே அநுமதி வழங்கிக்கொண்டது.

இப்போது விவாதம் இன்னும் தெற்கே, அம்மாகாணத்தின் கோடித் தீவுகளுக்கு நகர்ந்திருக்கிறது. தைவானிலிருந்து சுமார் 110 கிலோமீட்டரில் உள்ள யொனாகுனியில் 2016-லும், மியாகோவில் 2019-லும், இஷிகாகியில் 2023-லும் ஜப்பானின் தற்காப்புப் படை முகாம் அமைத்தது. சீனாவைப் பற்றிய அச்சம் வெறும் கற்பனையன்று. 2022 ஆகஸ்டில் அந்நாடு ஏவிய ஏவுகணைகள் ஜப்பானின் பொருளாதாரக் கடல் எல்லைக்குள் விழுந்தன. ஜனத்தொகை குன்றிவரும் யொனாகுனியில் முகாமை ஆதரித்து 632 பேரும் எதிர்த்து 445 பேரும் வாக்களித்ததில், பாதுகாப்போடு பிழைப்பின் கவலையும் கலந்திருந்தது. ஆயினும் அவர்கள் முதலில் சம்மதித்தது கரையோரக் கண்காணிப்புக்கு. ஏவுகணைப் பிரிவும் வரப்போகிறது என்ற செய்தி பின்னரே வந்தது.

இஷிகாகியிலோ அந்த வாய்ப்பும் கிட்டவில்லை. வாக்கெடுப்புக் கோரி 14,000-க்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டும் நகரசபை மறுத்துவிட்டது. யுத்தம் நெருங்கினால் இத்தென்தீவுகளின் ஜனங்களும் யாத்ரீகர்களுமாகச் சுமார் 1,20,000 பேரை ஆறு நாளில் கியூஷூ பக்கம் கொண்டுசேர்க்கும் திட்டத்தைச் சர்க்கார் 2025-இல் வெளியிட்டது. கரும்பு வயலையும் மாட்டுத் தொழுவத்தையும் விட்டுக் கப்பலேற வேண்டியவர்கள் இவர்களே. முகாம் வரலாமா என்று முதலில் கேட்டிருக்க வேண்டியதும் இவர்களைத்தான்.