நீதி உரைக்காத சுவர்கள்: லிஸ்பன் ஓட்டோவியங்களில் லா ஃபொந்தேனின் விலங்குக் கதைகள்

போர்த்துகல் தலைநகர் லிஸ்பனில் உள்ள சாவ் விசெந்த் தெ ஃபோரா மடாலயத்தின் மேல்தளத்தில், 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த 38 ஓட்டோவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. சிறுசிறு சதுர ஓடுகளை இணைத்து, வெண்பரப்பில் நீலத்தால் தீட்டப்பட்ட இவை பிரெஞ்சுக் கவிஞர் லா ஃபொந்தேனின் (1621–1695) விலங்குக் கதைகளைக் காட்டுவன. துறவியர் மடத்தில் உலகியல் கதைகளா என்னும் வியப்பே காண்போர்க்கு முதலில் எழும். இலக்கிய ஆய்வாளருக்கோ வேறொரு வினா முதன்மையானது: செய்யுளாக எழுதப்பட்ட நீதிக்கதை, அச்செய்யுளை விட்டுச் சுவரேறும்போது எஞ்சுவது எது?

இவ்வகை ஓடுகளைப் போர்த்துகீசியர் 'அசுலேஜு' என்பர். நீலத்தைக் குறிக்கும் 'அசுல்' என்னும் சொல்லோடு இதனைத் தொடர்புபடுத்துவது ஒலியொப்புமையால் எழுந்த மயக்கமே. மெருகிட்ட கல்லைக் குறிக்கும் அரபுச் சொல்லே இதன் மூலம். ஒருமுறை சுட்ட ஓட்டின்மேல் வெள்ளீயம் கலந்த மெருகுக் குழம்பு பூசப்படும். அது உலர்ந்ததும், துளையிட்ட தாளின்மீது கரித்தூளைத் தட்டி உருவரையை ஓட்டில் பதிப்பர். பின்னர்க் கோபால்ட்டு நிறமியால் தீட்டி மீண்டும் சூளையில் இடுவர். உலர்ந்த மெருகுப் படலம் நிறமியை உடனே உறிஞ்சிவிடுவதால் இட்ட கோட்டை அழித்தெழுத இயலாது. இக்கட்டுப்பாட்டில் பணிபுரிந்த ஓவியர்கள் அச்சிட்ட செதுக்குப் படங்களை முன்மாதிரியாகக் கொண்டது இயல்பே. லா ஃபொந்தேன் கதைகளுக்கும் படங்களின் மரபு தொடக்கத்திலிருந்தே உண்டு. 1668இல் வெளிவந்த முதல் தொகுதியே பிரான்சுவா ஷொவோவின் படங்களைக் கொண்டிருந்தது. ஊத்ரியின் ஓவியங்களோடு நான்கு பெருந்தொகுதிகளாக அமைந்த புகழ்பெற்ற பதிப்பு 1755–1759இல் வந்தது.

இக்கதைகளின் மூலம் பற்றி இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. 1678இல் வெளியிட்ட இரண்டாம் தொகுதியின் முன்னுரையில், தம் கதைப்பொருளில் பெரும்பகுதிக்கு இந்திய அறிஞர் 'பில்பாய்' என்பாருக்குக் கடன்பட்டிருப்பதாக லா ஃபொந்தேன் குறிப்பிடுகிறார். பஞ்சதந்திரம் பகலவி, அரபு, பாரசீகம் வழியாகப் பயணம் செய்து 1644இல் பிரெஞ்சில் அச்சேறிய வடிவமே அவருக்குக் கிடைத்தது. தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து தமிழாக்கிய பஞ்சதந்திரம் (1826) இதே குடும்பத்தின் மற்றொரு கிளை. எனினும் இவ்வுறவைக் கொண்டு லிஸ்பன் சுவர்களில் பஞ்சதந்திரத்தையே காண்பதாகக் கூறுவது பொருந்தாது. 1668ஆம் ஆண்டுத் தொகுதியின் கதைகள் பெரும்பாலும் ஈசாப்பு மரபின. ஆதலின் ஒவ்வோர் ஓவியத்தின் கதைமூலமும் தனித்தனியே ஆராயப்பட வேண்டும்.

போர்த்துகீசிய ஓடுகளில் விலங்குகள் மனிதரைச் சுட்டுவது இத்தொகுதியோடு தொடங்கவில்லை. லிஸ்பன் தேசிய ஓட்டு அருங்காட்சியகத்தில் உள்ள 'கோழியின் திருமணம்' 1660களில் உருவானது. வண்டியில் கோழி வீற்றிருக்க, குரங்குகள் பரிவாரமாகவும் இசைவாணராகவும் உடன் செல்கின்றன. ஃபிரொந்தெய்ரா அரண்மனைத் தோட்டத்திலும் குரங்குகளும் பூனைகளும் மனிதத் தொழில்களைச் செய்கின்றன. அவை அங்கதம், மனிதச் செயலை விலங்கின்மேல் ஏற்றி நகைப்பை விளைவிப்பவை. அந்த நகைப்புக்கு எந்த நூலறிவும் வேண்டியதில்லை. மடாலயத்து ஓவியங்களில் விலங்குகள் விலங்குகளாகவே, தமக்குரிய நிலக்காட்சியில் நிற்கின்றன. மனிதப் பொருள் வெளியே தெரிவதில்லை.

இதனைத் தமிழ் அணியிலக்கணம் பெயரிட்டு அறியும். கருதிய பொருளைக் கூறாது, அதனை உணர்த்தும் பிறிதொன்றை மட்டும் கூறுவது பிறிது மொழிதல். மயிற்பீலி ஏற்றிய வண்டியின் அச்சு முறிவதைக் கூறும் குறளில் (475) பரிமேலழகர் சுட்டுவது இவ்வணியையே. ஆனால் அக்குறளுக்கு 'வலியறிதல்' என்னும் அதிகாரத் தலைப்பு பொருள்கோடலுக்கு வழிகாட்டுகிறது. ஓட்டோவியத்துக்கு அத்தகைய அதிகாரம் இல்லை. பார்வையாளரின் நினைவில் உள்ள கதையே அப்பணியைச் செய்ய வேண்டும். பிரேசிலின் சல்வதோர் நகரப் பிரான்சிஸ்கு மடத்தில் நிலை வேறு. ஓட்டோ வான் வேனின் நூலை (1607) முன்மாதிரியாகக் கொண்ட அங்குள்ள ஓட்டோவியங்கள் இலத்தீன் அறத்தொடர்களையும் சுவரிலேயே தாங்கி நிற்கின்றன. அங்குச் சொல் படத்தை ஆள்கிறது.

சொல் இல்லாத இடத்தில் ஓவியரின் முதன்மைச் சிக்கல் கணத்தைத் தெரிவு செய்வதாகும். காக்கையும் நரியும் கதையில், பாலாடைக்கட்டி அலகில் இருக்கும் கணத்தை வரைந்தால் நரியின் சூழ்ச்சி புலப்படும்; விழும் கணத்தை வரைந்தால் காக்கையின் பேதைமை புலப்படும்; விழுந்த பின்னரெனில் இழப்பு மட்டுமே எஞ்சும். கதை ஒன்றே, முதன்மைப் பாத்திரம் மாறிவிடுகிறது. ஒரு கதையின் பல படவடிவங்களை ஒப்பிடுவோர், சுவடிகளில் பாடவேறுபாட்டைக் குறிப்பதுபோல் இக்கண வேறுபாட்டையும் குறித்தல் வேண்டும்.

நீதி தொலைந்ததே பெரிய இழப்பு என்று கருதவும் இடமில்லை. லா ஃபொந்தேனே எல்லாக் கதைகளுக்கும் நீதி எழுதவில்லை. முதற்கதையான சிள்வண்டும் எறும்பும், கோடை முழுவதும் பாடிய சிள்வண்டை 'இனி ஆடு' என்னும் கருத்துப்பட எறும்பு எள்ளுவதோடு முடிந்துவிடுகிறது. கவிஞர் தம் கூற்றாக எதுவும் சேர்க்கவில்லை. அவ்வெள்ளலை நீலக்கோடுகளால் தீட்ட முடியாது. எறும்பைத் தீட்டலாம், அதன் குரல் கவிதையிலேயே நின்றுவிடுகிறது.