ஸ்வீட் கார்ன் போடலாமா பாஸ்?

சினிமா இடைவேளையில கப் நிறைய ஸ்வீட் கார்ன் வாங்கி, வெண்ணெயும் மிளகுத்தூளும் போட்டு ஸ்பூனால அள்ளிச் சாப்பிடுற கோஷ்டியா நீங்க? ஊர்ல அப்பா பேர்ல பத்து சென்ட் நிலமும் தண்ணி இருக்கிற கிணறும் இருந்தா, 'இதையே நாம விளைய வெச்சு வித்தா என்ன?'ன்னு கண்டிப்பா ஒருநாள் தோணியிருக்கும். நல்ல யோசனைதான். ஆனா, கடைக்குப் போய் 'அண்ணே, ஸ்வீட் கார்ன் விதை குடுங்க'ன்னு மட்டும் கேட்டா போதாது. இதுல ஜாதி நிறைய!

சாதாரண மக்காச்சோளம் முத்த முத்த, மணியில இருக்கிற சர்க்கரை மாவாயிடும். அந்த வேலையைச் செய்யற ஜீன்ல ஒரு கோளாறு வந்தா, சர்க்கரை மாவாகாம அப்படியே தங்கிடும். அந்தக் கோளாறுக்குப் பேர்தான் ஸ்வீட் கார்ன். எந்த ஜீன்ல கோளாறுங்கிறதைப் பொறுத்து வகை மாறும்.

முதல் வகை பழைய காலத்து எஸ்யு. 1902-ல் அமெரிக்காவின் பர்பி விதைக் கம்பெனி வெளியிட்ட 'கோல்டன் பேன்ட்டம்' இந்த வகைதான். அதுவரைக்கும் அங்கே மஞ்சள் சோளம்னா மாட்டுக்கு, வெள்ளைதான் மனுஷனுக்குன்னு நினைச்சிட்டிருந்தாங்களாம்! ருசி, வாசனை, மென்மை எல்லாம் இதுல அருமை. ஒரே சிக்கல், பறிச்ச நிமிஷத்துல இருந்து இனிப்பு இறங்க ஆரம்பிச்சிடும். வெயில்ல ஒருநாள் கிடந்தா சர்க்கரையில கிட்டத்தட்ட பாதி காலி.

அடுத்தது நம்ம ஹீரோ. இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் ஜான் லாக்னன், எஸ்ஹெச்-2 என்கிற ஜீனை ஆராய்ச்சி பண்ணிட்டிருந்தார். காய்ஞ்சா கிழவி முகம் மாதிரி சுருங்கிப்போற மணி அது. அதுல வழக்கமான ஸ்வீட் கார்னைவிட 4 முதல் 10 மடங்கு சர்க்கரை இருக்குன்னு கண்டுபிடிச்சு, 1953-ல் எழுதினார். விதை ஆராய்ச்சிக்காரங்க பலபேர் பெருசா கண்டுக்கவே இல்லை. கடைசியில 1961-ல் 'இல்லினி எக்ஸ்ட்ரா ஸ்வீட்'ங்கிற பேர்ல சந்தைக்கு வந்தது. அதுதான் சூப்பர் ஸ்வீட். பறிச்சு ரெண்டு மூணு நாள் ஆனாலும் இனிப்பு நிக்கும். இவை ரெண்டுக்கும் நடுவுல எஸ்இன்னு ஒரு வகையும் உண்டு. இனிப்பும் கூட, தோலும் மெல்லிசு.

அப்போ எதைப் போடறது? மொட்டை மாடியில, வீட்டுக் கொல்லையில போட்டு, அடுப்புல தண்ணியைக் கொதிக்க வெச்சுட்டு வந்து பறிக்கிற ஆளுன்னா எஸ்யுவோ எஸ்இயோ போதும். என் ஓட்டு அதுக்குத்தான். சூப்பர் ஸ்வீட் சில சமயம் சர்க்கரைத் தண்ணி மாதிரி இருக்கும், சோள ருசி குறைவு. ஆனா, காலையில பறிச்சு பஸ்ல ஏத்தி, சாயங்காலம் காலேஜ் வாசல்ல விக்கப்போறீங்கன்னா கண்ணை மூடிக்கிட்டு சூப்பர் ஸ்வீட். சுருங்கின விதைக்குள்ள சாப்பாடு கம்மி, அதனால முளைப்புத் திறனும் கம்மி. மண்ணு சூடா இருக்கும்போது, ஒரு அங்குலத்துக்கு மேல ஆழம் போகாம ஊனுங்க. சேறா தண்ணி கட்டினா அழுகிடும்.

விதை உறையில 'ஹைப்ரிட்'னு போட்டிருந்தா அடுத்த வருஷத்துக்கு விதை எடுத்து வைக்க ஆசைப்படாதீங்க, பிள்ளைங்க அப்பா அம்மா மாதிரி இருக்காது. கடையில அதிகம் காதில் விழற 'ஷுகர் 75' ஹைப்ரிட்தான். விதை சேமிக்கணும்னா 'மாதுரி', 'பிரியா' மாதிரி கலப்பு ரகங்களை விசாரிச்சுப் பாருங்க.

இப்போ வில்லன் என்ட்ரி. பக்கத்து வயல்! பெரம்பலூர் பக்கமெல்லாம் கோழித் தீவனத்துக்கான மக்காச்சோளம்தான் கண்ணுக்கு எட்டின தூரம். மாமரத்துல எந்த மரத்து மகரந்தம் வந்து விழுந்தாலும் பழத்தோட ருசி மாறாது. சோளத்துல அப்படி இல்லை. நாம சாப்பிடற மணியிலயே அப்பாவோட குணம் இந்த சீஸன்லயே வந்துடும். தீவனச் சோளத்து மகரந்தம் காத்துல வந்து உங்க கதிர்ல விழுந்தா, அந்த மணி மாவுதான். எஸ்யுவும் எஸ்ஹெச்-2வும் பக்கத்து பக்கத்துல போட்டாலும் ரெண்டுமே கெடும். எவ்வளவு விலை குடுத்து வாங்கின விதையா இருந்தாலும் இதே கதிதான். 250 அடியாவது தள்ளிப் போடணும். இடம் இல்லையா? பக்கத்துக் காட்டு அண்ணன்கிட்ட 'எப்போ விதைச்சீங்க?'ன்னு கேட்டு, பூக்கிற நேரம் ரெண்டு வாரமாவது தள்ளிப்போற மாதிரி விதைங்க.

ஒவ்வொரு பட்டு இழைக்கும் ஒரு மணி. இழைக்கு மகரந்தம் கிடைக்கலேன்னா அந்த இடம் பல் விழுந்த வாய் மாதிரி காலி. அதனால மாடிச்சுவர் ஓரமா ஒரே வரிசையில 25 செடி வைக்காம, அஞ்சுக்கு அஞ்சா கட்டம் கட்டி வைங்க. காலையில ஆண் பூங்கொத்தை லேசா உலுக்கி விட்டா இன்னும் நல்லது.

கணக்குக்கு வருவோம். ரெண்டு அடிக்கு வரிசை, வரிசையில முக்கால் அடியைவிடக் கொஞ்சம் கூடுதலா செடின்னு வெச்சா, பத்து சென்ட்ல சுமார் 2,700 செடி வரும். செடிக்கு ஒரு நல்ல கதிர். முளைக்காதது, புழு தின்னது போக 2,000 தேறினாலும், ஒரே நாள்ல விதைச்சா ஒரே வாரத்துல அத்தனையும் பறிப்புக்கு வந்து நிக்கும். அதை யார்கிட்ட விப்பீங்க? நிலத்தை நாலு துண்டாக்கி, பத்து நாள் இடைவெளியில விதைங்க. ஒரே ரகம்னா ஒண்ணோட மகரந்தம் இன்னொண்ணைக் கெடுக்காது. 2018-ல் இந்தியாவுக்குள்ள வந்த படைப்புழுவுக்கு ஸ்வீட் கார்னும் விருந்துதான், தினமும் குருத்துக்குள்ள எட்டிப் பாருங்க.

பட்டு வெளியே வந்து 18-லிருந்து 22 நாளுக்குள்ள, இழை காய்ஞ்சு பழுப்பானதும் ஒரு மணியை நகத்தால குத்திப் பாருங்க. தண்ணியா வந்தா ரெண்டு நாள் பொறுங்க. பால் வந்தா உடனே பறிங்க, விடியக்காலையில. மாவா வந்தா லேட். பறிச்சு முடிச்ச தட்டை பச்சையாவே இருக்கும், பக்கத்து வீட்டுப் பசுவுக்குப் போட்டுட்டு, பதிலுக்கு ரெண்டு கூடை சாணி எரு கேட்டு வாங்கிடுங்க.