மலை கடந்த குடும்பத்தின் கொடிவழி

ஒருவருடைய பெயரின் முன்னெழுத்து அவர் தந்தையைக் குறிக்கும். பாட்டனை அது குறிப்பதில்லை. தலைமுறைதோறும் மாறாமல் தொடரும் குடும்பப் பெயர் தமிழருள் பெரும்பாலோர்க்கு இல்லை. சொந்த ஊரில் வாழும்வரை இது ஒரு குறையாகத் தோன்றுவதில்லை. ‘இவர் இன்னாருடைய பேரன்’ என்று சொல்ல அங்கே பத்துப் பேர் இருப்பர். வேற்று மாநிலத்தில் மூன்று தலைமுறை கழிந்த பின்னரோ, அந்தப் பத்துப் பேரின் வேலையை ஓர் ஏடுதான் செய்ய வேண்டியிருக்கிறது. அந்த ஏட்டையே கொடிவழி என்கிறோம்.

இதன் தேவையைப் போடிமெட்டு நன்கு விளக்கும். போடிநாயக்கனூரிலிருந்து மலையேறும் சாலை இங்கேதான் மாநில எல்லையைத் தொடுகிறது. இப்பால் தேனி மாவட்டம். அப்பால் இடுக்கி மாவட்டத்தின் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை, தேவிகுளம். தேயிலைத் தோட்டங்களிலும் ஏலத் தோட்டங்களிலும் உழைப்பதற்காகத் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளுக்கு முன்பே சமவெளியிலிருந்து இம்மலைகளில் ஏறிக் குடியமர்ந்தன.

குடியமர்ந்த குடும்பம் அங்கேயே இருந்தது. இடத்தின் பெயரோ மாறிக்கொண்டே வந்தது. 1949 வரை அது திருவிதாங்கூர், பின்பு திருவிதாங்கூர்-கொச்சி, 1956 நவம்பர் 1 முதல் கேரளம். 1972இல் இடுக்கி மாவட்டம் அமையும்வரை இப்பகுதி கோட்டயம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. மலையடிவாரத்து ஊர்களும், 1990களில் தேனி தனி மாவட்டமாகும்வரை மதுரை மாவட்டத்தில் இருந்தவையே. ஆதலின் பழைய பதிவுகளை இன்றைய பெயர்களை மட்டுமே கொண்டு தேடுவோர் பலவற்றைக் காணாது திரும்புவர்.

பழம்பெருமை பேசுவதற்கு மட்டுமே கொடிவழி என்று எண்ணுதல் பிழை. 1950 ஆகஸ்ட் 10ஆம் நாள் வெளியான குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதிகளை மாநிலவாரியாக வரையறுத்தது. ஒரு மாநிலத்துப் பட்டியலில் உள்ளவர் மற்றொரு மாநிலத்தில் குடியேறினால், அங்கே அச்சலுகையைக் கோர இயலாது என உச்ச நீதிமன்றம் 1990இல் தீர்ப்பளித்தது. எனவே, அந்த ஆணை வெளியான காலத்தில் குடும்பம் எங்கே நிலையாகக் குடியிருந்தது என்பதே வினாவாகிறது. இன்று கல்லூரியில் இடம் நாடும் ஒரு பெண், தான் கண்டிராத கொள்ளுப்பாட்டன் 1950இல் எந்தத் தோட்டத்தில் வாழ்ந்தார் எனக் காட்ட வேண்டிய நிலை இதனால் வருகிறது. தோட்டத்துப் பதிவேட்டில் அவர் பெயர் இருந்தால் மட்டும் போதாது. அப்பெயருக்கு உரியவரே தம் கொள்ளுப்பாட்டன் என்றும் நிறுவ வேண்டும். கொடிவழி தனியே சான்றாகாது. சிதறிக் கிடக்கும் சான்றுகளைக் கோக்கும் நூலே அது.

இனி, எழுதும் முறையைக் காண்போம். ரிவர்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீலகிரியில் தோடர் குடும்பங்களின் கொடிவழிகளைத் தொகுத்து, 1906இல் நூலாக வெளியிட்டார். தந்தை, தாய், பிள்ளை, கணவன், மனைவி என்னும் சில உறவுகளை மட்டுமே கேட்பது அவர் பின்னர் விளக்கிய முறை. இது நமக்கு மிகப் பொருந்தும். நம்மிடையே பெரியப்பன் மகனும் அண்ணனே. தாயுடன் பிறந்தவரும் மாமனே, மனைவியின் தந்தையும் மாமனே. ஆதலின் ‘உங்கள் அண்ணன் யார்?’ என்று கேளாமல், ‘உங்களைப் பெற்ற தாய் வேறு யாரைப் பெற்றார்?’ என்று கேட்க வேண்டும்.

மாமன் மகளையும் அத்தை மகனையும் மணக்கும் வழக்கத்தால், ஒருவரே கொடிவழியில் இரண்டு இடங்களில் தோன்றுவார். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, எங்கு வரினும் அதே எண்ணை எழுதினால் குழப்பம் நீங்கும். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் மரபால் ஒரே பெயர் பலமுறை வரும்; அங்கும் எண்ணே துணை. கணவன் பெயரைச் சொல்லக் கூசும் பாட்டியிடம் வற்புறுத்தாமல், அவருடைய தம்பியிடம் கேட்டறிக.

ஆண்டு தெரியாத முதியோரிடம் நிகழ்ச்சியைச் சொல்லிக் கேட்க வேண்டும். 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் கொல்லம் ஆண்டு 1099இல் நிகழ்ந்தமையால், மலைநாட்டார் அதனைத் ‘தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்’ என்பர். தம் தாய் பிறந்தது அவ்வெள்ளத்துக்கு முன்னோ பின்னோ, தமக்குத் திருமணம் நடந்தது கேரளம் உருவாவதற்கு முன்னோ பின்னோ என்பதை முதியோர் எளிதில் சொல்வர்.

மகள்களின் வழியை விட்டுவிடுதல் பெருந்தவறு. கொழுந்து பறித்தும் ஏலக்காய் எடுத்தும் தோட்டத்தில் உழைத்தோருள் பெண்கள் மிகப் பலர். பாட்டனுக்குக் கிடைக்காத சான்று பாட்டிக்குக் கிடைக்கக்கூடும். 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, இந்து வாரிசுரிமைச் சட்டம் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு நிகரான உரிமை அளிக்கிறது என்பதையும் நினைவிற் கொள்க.

பெயர், பிறந்த ஊர், வாழ்ந்த இடம், சான்று என நான்கு செய்திகளை ஒவ்வோர் எண்ணின் கீழும் குறிக்க. பள்ளிச் சேர்க்கைப் பதிவு, பழைய வாக்காளர் பட்டியல், வருங்கால வைப்பு நிதித் தாள், நிலப் பத்திரம் ஆகியவை பயன்படும். பூர்விக ஊர் மறந்துபோயின், குலதெய்வக் கோயில் எங்குள்ளது என்று கேளுங்கள். அங்கே கூடும் பங்காளிகள் ஊரைக் காட்டித் தருவர்.

மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்மவர்க்கும் இம்முறை பொருந்தும். பத்திரம் காத்திருக்கும், அதிலுள்ள பெயரை அடையாளம் காட்டும் முதியவர் காத்திரார். எனவே குடும்பத்தில் மூத்தவரிடமிருந்து தொடங்குவோம். எழுதி முடித்ததை ஒரே பெட்டியில் பூட்டாமல், கிளைக்கு ஒரு படி கொடுத்து வைப்போம்.